வாசகர் கேள்வி – பதில்: மூன்றாம் பகுதியில் எப்போதும் 4 வருவது ஏன்?

இந்த இதழுக்கு வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே பொருளைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் தண்டையார்பேட்டை வாசகரின் கடிதம் மிகக் கூர்மையானது. அதனால் அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் எழுத்தராக வேலை செய்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் வந்த புதிய மென்பொருள், உள்ளே வரும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் இடையிடையே கோடு போட்ட மிக நீண்ட எண் ஒன்றைத் தருகிறது. கேட்டால், "அது யூயூஐடி, சமவாய்ப்பாக உருவாகும் எண், அதற்குள் அர்த்தம் எதுவும் கிடையாது" என்கிறார்கள். ஆனால் தினமும் பார்த்ததில் ஒன்றைக் கவனித்தேன். மூன்றாம் பகுதி எப்போதும் 4 என்றே தொடங்குகிறது. நான்காம் பகுதி 8, 9, ஏ, பி ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்குகிறது. அர்த்தமில்லாத எண்ணுக்குள் இந்த ஒழுங்கு எப்படி வந்தது? யாரையும் கேட்காமல் ஒரு கணினி தானே போட்டுக்கொள்ளும் எண், வேறொரு யார்டின் எண்ணோடு மோதாது என்று எப்படி நம்புவது?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் கவனித்தது முற்றிலும் சரி. யூயூஐடி என்பது 'உலகெங்கும் தனித்த அடையாளக் குறி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். முதலில் எண்ணின் வடிவத்தைப் பார்ப்போம். கீழே இருப்பது, விளக்கத்துக்காக நான் கையால் எழுதிய ஒரு மாதிரி:

29384756-1038-4752-9016-385720194637

எட்டு, நான்கு, நான்கு, நான்கு, பன்னிரண்டு என ஐந்து பகுதிகளில் மொத்தம் 32 இலக்கங்கள். நடுவே 4 கோடுகள். ஆக 36 குறிகள். ஒவ்வோர் இலக்கமும் பதினாறு நிலை எண்முறையைச் சேர்ந்தது. அதாவது 0 முதல் 9 வரை எண்களாகவும், 10 முதல் 15 வரை உள்ள மதிப்புகள் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளாகவும் எழுதப்படுகின்றன. அப்படிப்பட்ட ஓர் இலக்கம் 4 பிட்டுகளை (0 அல்லது 1 என்னும் குறிகளை) குறிக்கும் என்பதால் 32 இலக்கங்கள் 128 பிட்டுகள், அதாவது 16 பைட்டுகள். என் மாதிரியில் எழுத்துகளே வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் திரையில் வரும் எண்களில் எழுத்தே இல்லாத ஒன்று ஏறத்தாழ 26 லட்சத்துக்கு ஒன்றுதான் தென்படும்.

அந்த 128 பிட்டுகளில் 6 பிட்டுகள் மட்டும் சமவாய்ப்புக்கு விடப்படாமல் முன்கூட்டியே நிரப்பப்படுகின்றன. பதின்மூன்றாவது இலக்கம், அதாவது மூன்றாம் பகுதியின் முதல் இலக்கம், இந்த எண் எந்த முறையில் உருவாக்கப்பட்டது என்பதைச் சொல்லும் பதிப்பு எண். 4 என்றால் 'சமவாய்ப்பாக உருவாக்கப்பட்டது' என்று பொருள். இதற்கு 4 பிட்டுகள் செலவாகின்றன. பதினேழாவது இலக்கம், அதாவது நான்காம் பகுதியின் முதல் இலக்கம், இந்த எண்ணை எந்த வகை இலக்கணப்படி பிரித்துப் படிக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. அதில் முதல் இரண்டு பிட்டுகள் 1, 0 என்று நிலையாக இருக்கும். மீதி இரண்டு பிட்டுகள் எப்படியும் அமையலாம். 10-இல் தொடங்கும் நான்கு பிட்டுகளை எழுதிப் பாருங்கள்: 1000, 1001, 1010, 1011. அவற்றின் மதிப்புகள் 8, 9, 10, 11. பதினாறு நிலை எண்முறையில் அவைதான் 8, 9, ஏ, பி. ஆகவே உங்கள் கண்ணில் பட்ட நான்கு குறிகளுக்கு மேல் அங்கே வேறொன்றும் வர இயலாது.

உங்கள் இரண்டாவது கேள்வியே இந்த எண்ணின் உயிர்நாடி. நீங்கள் நாள்தோறும் படிக்கும் கன்டெய்னர் எண்ணோடு இதை ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். கன்டெய்னரின் கதவில் நான்கு எழுத்துகள், ஆறு எண்கள், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளர் யார் என்பதைச் சொல்கின்றன. அவற்றை உலகில் வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் பாரிஸில் உள்ள பன்னாட்டுக் கன்டெய்னர் பதிவகம் பார்த்துக்கொள்கிறது. நான்காவது எழுத்து வகையைக் குறிக்கிறது. ஆறு எண்களை உரிமையாளர் தம் வரிசைப்படி இட்டுக்கொள்கிறார். கட்டத்துக்குள் இருப்பது சரிபார்ப்பு எண். முன்னால் உள்ள பத்துக் குறிகளிலிருந்து கணக்கிடப்படுவதால், எழுதுபவர் ஓர் எண்ணை மாற்றிப் போட்டால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் ஒரு பதிவகம், அதன் கீழ் ஓர் உரிமையாளர், அவருக்கு ஒரு வரிசை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு உருவாகும் எண் அது.

யூயூஐடியில் பதிவகமும் இல்லை, வரிசையும் இல்லை, சரிபார்ப்பு எண்ணும் இல்லை. மீதமுள்ள 122 பிட்டுகளும் காசைச் சுண்டிப் போட்டதுபோல் ஒவ்வொன்றும் தனித்தனியே 0 அல்லது 1 என்று விழுகின்றன. இப்படி அமையக்கூடிய எண்களின் தொகை 37 இலக்கம் கொண்டது, 5.3-ஐப் பத்தின் 36-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவது. மோதவே மோதாது என்று கணிதம் சொல்லவில்லை. மோதும் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்கிறது. 103 லட்சம் கோடி எண்களை உருவாக்கிவைத்தாலும், அவற்றுள் ஏதேனும் இரண்டு ஒன்றாக இருக்கும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுதான். அந்த வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆக வேண்டுமானால், வினாடிக்கு நூறு கோடி எண்கள் என்ற வேகத்தில் சுமார் 86 ஆண்டுகள் இடைவிடாமல் உருவாக்க வேண்டும். திருவொற்றியூர் முதல் காட்டுப்பள்ளி வரை உள்ள எல்லா யார்டுகளும் ஒன்றையொன்று கேட்காமல் எண் போட்டாலும் மோதல் வராது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான்.

இந்த ஏற்பாடு 1980-களில் அமெரிக்காவின் அப்பல்லோ கம்ப்யூட்டர் நிறுவனத்தில் தொடங்கியது. பிணையத்தில் இணைந்த பல கணினிகள், நடுவில் ஒன்றிடம் எண் கேட்டுக் காத்து நிற்காமல் தாமே பெயரிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அன்றைய தேவை. பின்னாளில் நிலைபெற்ற முதல் பதிப்பு காசு சுண்டும் முறையை நம்பவில்லை. கிரெகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்த 1582 அக்டோபர் 15 முதல் கடந்த காலத்தை, ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு என்னும் அலகால் அளந்து, அதோடு கணினியின் பிணைய அட்டையில் பொறிக்கப்பட்ட 48 பிட் முகவரியைச் சேர்த்தது. உங்கள் கண் நாளும் கடக்கும் அந்தக் கோடுகள், அன்று நேரத்தையும் முகவரியையும் பிரித்துக் காட்டுவதற்காக இடப்பட்டவை. சமவாய்ப்பு எண்ணில் அவற்றுக்கு வேலையில்லை, வடிவத்தின் எச்சமாக நிற்கின்றன.

முதல் பதிப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் எண்ணைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும், அது எந்தக் கணினியில், எப்போது பிறந்தது என்று படித்துவிடலாம் என்ற குறை அதில் இருந்தது. 1999-இல் மெலிசா வைரஸ் பரவியபோது, வேர்டு ஆவணத்துக்குள் பதிந்து கிடந்த இத்தகைய ஓர் எண், அதை எழுதியவரைத் தேடியவர்களுக்குத் தடயமாக அமைந்தது. அன்று அது நன்மைக்கு உதவியது என்றாலும், சாதாரண மனிதர் எழுதும் ஒவ்வோர் ஆவணமும் அவருடைய கணினியின் முகவரியைச் சுமந்து திரிவதை யாரும் விரும்ப மாட்டார்கள். தன்னைப் பற்றி எதுவும் சொல்லாத நான்காம் பதிப்பு பெருவழக்காகப் பரவியதில் இந்தக் கவலைக்கும் பங்கு உண்டு. 2005 ஜூலையில், இணையத் தரங்களை வரையறுக்கும் ஆவண வரிசையைச் சேர்ந்த ஆர்.எஃப்.சி. 4122 என்னும் ஆவணம் ஐந்து பதிப்புகளை முறைப்படுத்தியது. 2024 மே மாதத்தில் அதன் இடத்துக்கு வந்த ஆர்.எஃப்.சி. 9562, ஆறு, ஏழு, எட்டு என மேலும் மூன்றைச் சேர்த்திருக்கிறது. உங்கள் மென்பொருளை என்றாவது புதுப்பித்த பிறகு அந்த 4, 7 ஆக மாறியிருந்தால் வியப்படைய வேண்டாம். ஏழைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் கணக்கு பார்க்கிறேன். தெர்மாகோல் பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர் சிறியது; 36 குறிகளும் அடங்கவில்லை. முதல் எட்டு மட்டும் அச்சிட்டால் போதாதா? பதினாறு நிலை எண்முறையில் எட்டு இலக்கம் என்றாலே 429 கோடிக்கு மேல் வருகிறதே.
— வாசகி, காசிமேடு

பதில்: போதாது, அம்மா. 429 கோடி என்ற கணக்கு சரிதான். அதிலிருந்து நீங்கள் வந்த முடிவுதான் தவறு. புதிய பெட்டியின் எண், குறிப்பிட்ட ஒரு பழைய பெட்டியின் எண்ணோடு மட்டும் மோதக் கூடாது என்றால் அந்தத் தொகை தாராளம். ஆனால் உங்கள் பேரேட்டில் உள்ள எந்த இரண்டு பெட்டிகளும் மோதக் கூடாது. பெட்டிகள் கூடக் கூட, இரண்டிரண்டாகச் சேர்க்கக்கூடிய இணைகள் அதைவிடப் பன்மடங்கு வேகமாகக் கூடுகின்றன. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் போய்விடுவதும் இதே காரணத்தால்தான். எட்டு இலக்கத்தில் 10,000 பெட்டிகள் ஆகும்போதே எங்காவது ஒரு மோதல் நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிவிடும். சுமார் 77,000 பெட்டிகளில் அது பாதிக்குப் பாதி. நாளுக்கு 200 பெட்டி அனுப்பினால் ஓராண்டுக்குச் சற்று மேல்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. உங்கள் மென்பொருள் ஏழாம் பதிப்பைப் பயன்படுத்துவதானால், முதல் பன்னிரண்டு இலக்கங்கள் சமவாய்ப்பானவை அல்ல. 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி வினாடிகளின் எண்ணிக்கை அவை. அவற்றில் முதல் எட்டு மட்டும் பார்த்தால், ஏறத்தாழ 65 வினாடிகளுக்கு ஒரு முறைதான் மாறும். விடியற்காலை ஏலம் முடிந்து பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படும் அவசரத்தில், ஒரே நிமிடத்தில் ஒட்டிய முப்பது பெட்டிகளும் ஒரே எட்டு இலக்கத்தோடு லாரியில் ஏறும். ஆகவே முழு எண்ணையும் ஒரு கியூஆர் குறிக்குள் அச்சிடுங்கள். ஈரத்தில் ஒரு மூலை அழிந்தாலும் மீட்டுப் படிக்கும் திருத்தக் குறிகள் அதற்குள் இருக்கின்றன. ஆட்கள் வாயால் சொல்லிக்கொள்ள, அந்த நாளின் தேதியோடு 1, 2, 3 என்ற சாதாரண வரிசை எண்ணைப் பெரிய எழுத்தில் அதன் பக்கத்தில் போடுங்கள். யூயூஐடி மனிதர் வாயில் நுழைவதற்காக உருவான எண் அல்ல. அதில் சரிபார்ப்பு எண் இல்லாததால், போனில் படித்துச் சொல்லும்போது ஓர் இலக்கம் பிசகினாலும் எண் பார்வைக்குச் சரியாகவே இருக்கும்; தேடினால் மட்டும் கிடைக்காது.

கேள்வி: சில இடங்களில் இதைக் 'குயிட்' என்கிறார்கள், அடைப்புக்குறிக்குள், பெரிய எழுத்துகளில் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஒன்றே. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வைத்த பெயர் குயிட். எழுதும்போது சிறிய எழுத்துகளைப் பயன்படுத்த வேண்டும் என்பதும், படிக்கும்போது இரண்டையும் ஏற்க வேண்டும் என்பதும் பழைய ஆர்.எஃப்.சி. 4122-இன் விதியாக இருந்தன. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: விண்டோஸ் அமைப்புகள் சில, முதல் மூன்று பகுதிகளின் பைட்டுகளை நினைவகத்தில் தலைகீழ் வரிசையில் வைக்கின்றன, பைட்டுகளாகவே வேறோர் அமைப்புக்கு அனுப்பினால் அந்தப் பகுதிகள் புரண்டு நிற்கும்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டில் எல்லா அட்டவணைகளுக்கும் யூயூஐடியை முதன்மைத் திறவாக (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் எண்ணாக) வைத்தோம். பதிவுகள் பெருகியதும் சேர்ப்பது மெதுவாகிவிட்டது. வரிசை எண்ணுக்கே திரும்பிவிடச் சொல்கிறார் எங்கள் வழிகாட்டி. அது சரியா?
— மாணவர், வியாசர்பாடி

பதில்: திரும்புவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். முதலாவது, நீங்கள் அந்த எண்ணை 36 எழுத்துகள் கொண்ட சரமாகச் சேமித்திருக்கிறீர்களா? அப்படியானால் 16 பைட்டில் அடங்க வேண்டியதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இடம் கொடுத்திருக்கிறீர்கள். அதை முதன்மைத் திறவாகச் சுட்டும் மற்ற அட்டவணைகளிலும் அந்தச் சுமை திரும்பத் திரும்ப ஏறுகிறது. யூயூஐடிக்கென்றே தனி வகை உள்ள தரவுத்தளமானால் அந்த வகையையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, தரவுத்தளம் திறவுகளை வரிசைப்படுத்தி அடுக்கும் முறை. பழைய அலுவலகங்களில் கோப்புகளை எண் வரிசைப்படி அடுக்கிய அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் கோப்பின் எண் எப்போதும் முந்தையதைவிடப் பெரியதாக இருந்தால், எழுத்தர் கடைசித் தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து வைத்துக்கொண்டே போகலாம். வரும் எண்கள் தாறுமாறாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறொரு தட்டைத் தேடி ஓட வேண்டும். நிரம்பிய தட்டைப் பிரித்து இரண்டாக்க வேண்டும். அலமாரி சிறியதாக இருக்கும்வரை இது தெரியாது. நினைவகத்தில் அடங்காத அளவு வளர்ந்ததும்தான் தெரியும். நான்காம் பதிப்பு தருவது தாறுமாறான எண்கள். ஏழாம் பதிப்பு பிறந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான்: முன்னால் 48 பிட் நேரம், பின்னால் 74 பிட் சமவாய்ப்பு. எண்கள் ஏறுவரிசையிலேயே வரும். யாரையும் கேட்காமல் போட்டுக்கொள்ளும் உரிமையும் போகாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 18-ஆம் பதிப்பில் இதற்கான வசதி உள்ளேயே வந்துவிட்டது. ஒரே கணினியில் ஓடும் சிறிய புராஜெக்ட் என்றால் உங்கள் வழிகாட்டி சொல்வதில் தவறில்லை. வரிசை எண்ணே போதும். பல இடங்களில் பதிந்து பின்னர் ஒன்று சேர்க்க வேண்டியது என்றால் ஏழாம் பதிப்பை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பதிவு எப்போது உருவானது என்பது வெளியாருக்குத் தெரியக் கூடாத இடங்களில் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து என் தாயாரின் அறிக்கைக்கு ஒரு லிங்க் அனுப்பினார்கள். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறக்கிறது. "லிங்கில் யூயூஐடி இருக்கிறது, யாராலும் ஊகிக்க முடியாது" என்கிறார்கள். நம்பலாமா? எண்ணைப் பார்த்தே அது நல்ல எண்ணா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
— வாசகி, ராயபுரம்

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. லிங்கின் முடிவில் 1041 என்று வரிசை எண் இருந்திருந்தால், அதை 1042 என மாற்றி எவரும் அடுத்த நோயாளியின் அறிக்கையைப் பார்த்திருப்பார்கள். யூயூஐடி அந்தக் கதவை அடைக்கிறது. ஆனால் அது கதவு எண், பூட்டு அல்ல. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த லிங்க் ஒரு முறை பகிரப்பட்டால், பிறகு கைக்குக் கை மாறி யாரிடம் போனாலும் திறக்கும். எண்ணை வைத்திருப்பதையே அனுமதியாகக் கருதக் கூடாது என்று ஆர்.எஃப்.சி. ஆவணமே எச்சரிக்கிறது. பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி அனுப்பிய பிறகே அறிக்கையைத் திறக்கும்படி செய்யுங்கள் என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயமான கோரிக்கை.

எண்ணைப் பார்த்தே அதன் தரத்தைக் கண்டுபிடிக்க வழி இல்லை. இதை நான் நேரில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பில் போடும் கணினிகளுக்காக யூயூஐடி உருவாக்கும் நிரல் ஒன்றை எங்களில் ஒருவரே எழுதியிருந்தார். 8, 4, 4, 4, 12 என்ற அமைப்பு சரி. மூன்றாம் பகுதியில் 4 சரி. நான்காம் பகுதியின் முதல் இலக்கமும் சரி. ஆனால் அந்த நிரல், கணினி இயங்கத் தொடங்கிய நேரத்தை வினாடிக் கணக்கில் எடுத்து, அதையே சமவாய்ப்பு எண்களின் விதையாகப் போட்டது. விதை ஒன்றானால் அதிலிருந்து வரும் எண்வரிசையும் ஒன்றே. ஒரு கோடைப் பிற்பகலில் மின்சாரம் போய்த் திரும்பியபோது, இரண்டு கணினிகள் ஒரே வினாடியில் எழுந்து, அன்றைய மீதிப் பில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்களைப் போட்டன. ஒருவருடைய சரக்கு இன்னொருவர் கணக்கில் ஏறியது. மூன்று நாள் கழித்தே காரணம் தெரிந்தது. அந்த மூன்று நாளும் தவறு கோடவுன் ஆட்கள் மீதுதான் சுமத்தப்பட்டது. அவர்கள் கேட்ட வார்த்தைகளை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது.

பெரிய இடங்களிலும் இது நிகழ்ந்திருக்கிறது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பில் 2006-இல் செய்த ஒரு சிறு மாற்றத்தால், மறைகுறித் திறவுகளை உருவாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலின் சமவாய்ப்பு ஊற்று ஏறத்தாழ வற்றிப்போனது. கணினியில் ஓடும் செயலின் வரிசை எண் ஒன்றைத் தவிர வேறு எதுவும் கலக்கவில்லை. ஒரே வகையில் 32,768-க்கு மேல் வேறுபட்ட திறவுகள் பிறக்க வழியில்லாமல், 2008 மே மாதத்தில் கண்டுபிடிக்கப்படும்வரை அது அப்படியே இருந்தது. பார்வைக்கு அத்திறவுகளும் மற்றவை போலவே நீளமாகத்தான் இருந்தன.

பதின்மூன்றாவது இடத்தில் உள்ள 4, உருவாக்கியவர் சொல்லும் சொல் மட்டுமே. இந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் நான் கையால் எழுதிய மாதிரியிலும் அந்த 4 இருக்கிறது. நிரலிடம் கொடுத்தால் செல்லுபடியாகும் எண் என்றே அது ஏற்கும். எனவே ஸ்கேன் நிலையத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த எண்ணை உருவாக்குவது எது? இயங்குதளத்தின் பாதுகாப்பான சமவாய்ப்பு ஊற்றிலிருந்து எடுக்கும் ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளின் நூலகச் செயற்கூறு என்றால் நிம்மதியாக இருங்கள். "எங்கள் ஆளே எழுதியது" என்றால், ஓடிபி வரும்வரை அந்த லிங்கை யாருக்கும் அனுப்பாதீர்கள். அறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டு, லிங்கை முடக்கிவிடச் சொல்லுங்கள்.